பழைய கோயில் மணியின் தானியங்கிப் பெட்டியை மாற்றுவது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

காலை ஆறு மணிக்கு அடிக்க வேண்டிய தேவாலய மணி ஆறு இருபதுக்கு அடிக்கிறது. கரண்ட் போய் வந்தால் நடு ராத்திரியில் தானாக அடிக்கிறது. பழைய டைமருக்கு ஸ்பேர் கிடைப்பதில்லை, பெட்டியைப் போட்டுக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, உள்ளே எந்த ஒயர் எங்கே போகிறது என்பதும் தெரியாது. இந்த நிலைமையில்தான் பங்குப் பேரவைக் கூட்டத்தில் "பெட்டியையே மாத்திடலாம்" என்று பேச்சு வரும், கூட்டம் முடிவதற்குள் எலக்ட்ரிகல் கொஞ்சம் தெரிந்த ஒருவர் தலையில் வேலை விழும். அந்த ஒருவருக்காக எழுதுகிறேன்.

இரண்டு மூன்று மணிகள் உள்ள ஒரு கத்தோலிக்கக் கோயிலை மனதில் வைத்துக்கொள்வோம். ஒரு மணி மோட்டாரால் ஆடும், மற்றவை ஆடாமல் நிற்கும், மின்காந்தச் சுத்தியல் வந்து அடிக்கும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில் என்றால், காலை, நண்பகல், மாலை மணியடித்துச் சொல்லும் மூவேளைச் செபம் பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும். 415 வோல்ட் பேனலைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதியை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனிடம் விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம், அதில் ஒன்றும் குறைவில்லை.

இந்த வேலையில் எந்த முடிவு எடுக்கும்போதும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது கெட்டுப்போனால் என்ன ஆகும்? மணி அடிக்காமல் போனால் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை போய் கையால் அடித்துவிடுவார். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஊர் கூடிவிடும், சுத்தியலை இழுக்கும் காயில் (கம்பிச்சுருள்) கருகும், மணியில் விரிசல்கூட விழலாம். ஆகவே ஒவ்வொரு பாகமும் கெடும்போது அமைதியாகக் கெட வேண்டும்.

பெட்டியைத் தொடுவதற்கு முன்னால்

முதலில் கோயில்பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். பங்குத்தந்தை சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், மணியின் வழக்கமெல்லாம் கோயில்பிள்ளைக்கும் பழைய உபதேசியாருக்கும்தான் தெரியும். பூசைக்கு முதல் மணி எத்தனை நிமிடம் முன்னால், இரண்டாம் மணி எப்போது, திருவிழாக் கொடியேற்றத்துக்கு எல்லா மணியும் சேர்ந்து அடிக்குமா, சாவு மணி எப்படி, ஆணுக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் வேறு வேறு கணக்கு உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாவு மணிக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். அதை நீங்கள் பொதுவாக ஒன்று வைத்துவிட்டால் மறுநாளே வீட்டு வாசலில் ஆள் நிற்கும்.

மூவேளைச் செபத்துக்கு வழக்கமான முறை மூன்று, மூன்று, மூன்று என்று இடைவெளி விட்டு அடித்து, கடைசியில் ஒன்பது அடி. அல்லது ஒன்பதுக்குப் பதில் ஆடும் மணியைக் கொஞ்ச நேரம் விடுவது. காலை 6, நண்பகல் 12, மாலை 6. அந்த இடைவெளி "அருள் நிறைந்த மரியே" சொல்லி முடிக்கிற நேரம். அதைக் கடிகாரம் வைத்து அளக்காமல், அந்த ஊர் மக்கள் சொல்கிற வேகத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், சில ஊரில் இழுத்துச் சொல்வார்கள்.

மணிநேரத்துக்கு ஒருமுறை நேரம் அடிக்கும் வசதி இருந்தால் இரவு பத்து முதல் காலை ஆறு வரை அதை நிறுத்தி வையுங்கள். நம் நாட்டு ஒலி மாசு விதிகள் (2000) இரவு என்று சொல்வது இந்த நேரத்தைத்தான், குடியிருப்புப் பகுதிக்கு அவை வைத்திருக்கும் அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். கிறிஸ்துமஸ், பாஸ்கா இரவுப் பூசைகளை விதிவிலக்காக வைப்பதா என்பதைப் பங்குத்தந்தை முடிவு செய்யட்டும்.

மேலே ஏறிப் பார்ப்பது

ஏறுவதற்கு முன் மெயினை அணைத்து, ஐசோலேட்டரில் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "யாரும் போட மாட்டாங்க" என்ற உறுதிமொழியை நம்பாதீர்கள். தானியங்கி மணி யாரும் தொடாமலேயே நேரம் வந்தால் ஆடும். ஆடும் மணி ஆளை அடித்துத் தூக்கி எறியும், பக்கத்தில் நிற்கும் காதையும் கெடுக்கும். மணிக்கூண்டில் தனி ஐசோலேட்டர் இல்லையென்றால் உங்கள் பட்டியலின் முதல் செலவு அதுதான்.

புறா எச்சத்துக்கு முகமூடி போடுங்கள். மலைத்தேனீ கூடு இருந்தால் வேலையைத் தொடங்காமல் இறங்கிவிடுங்கள். மணி அதிர்ந்தால் அவை கலையும், கலைந்தால் கீழே பூசைக்கு வந்தவர்கள் மீதும் பாயும்.

மணி எவ்வளவு எடை என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். வாய் விட்டத்தை அளந்தால் போதும்: ஒரு மீட்டர் விட்டமுள்ள வெண்கல மணி ஏறக்குறைய 600 கிலோ இருக்கும், விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகக் குறையும். ஆக அரை மீட்டர் மணி சுமார் 75 கிலோ. தோராயம்தான், ஆனால் மோட்டார், சுத்தியல் பற்றி யோசிக்க இந்த எண் தேவைப்படும்.

அப்புறம் மணியைக் கேட்க வேண்டும். மரச் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல மணி நீளமாக இழுத்து ஒலிக்கும். சரசரவென்று ஒரு கிழிந்த சத்தம் கூடவே வந்தால் விரிசலாக இருக்கலாம், அல்லது எங்கோ ஒரு போல்ட் லூசாகி மணியோடு சேர்ந்து அதிரலாம். போல்ட்டை இறுக்கியும் சத்தம் போகவில்லையென்றால் மணி வார்ப்பவர்களைக் கூப்பிடாமல் அந்த மணியைத் தானியங்கியில் இணைக்காதீர்கள். வெண்கல மணியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெள்ளீயம் இருக்கும், அதனால்தான் அந்த இனிமை, அதனால்தான் அது நொறுங்கும் தன்மையும் கொண்டது.

மணியின் நாக்கு (உள்ளே தொங்கி அடிக்கும் துண்டு) அடிக்கும் இடத்தில் குழி விழுந்து தட்டையாகியிருக்கிறதா பாருங்கள். நாக்கைத் தாங்கும் கொக்கியும் போல்ட்டும் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் 24 டன் எடையுள்ள புனித பேதுரு மணி 1923-இல் வார்த்தது. 2011 ஜனவரி 6 அன்று அடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் நாக்கு முறிந்து கீழே விழுந்தது. அவ்வளவு பராமரிப்பு உள்ள இடத்திலேயே அப்படி. நம் மணிக்கூண்டில் எத்தனை வருடமாக யாரும் நாக்கைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். நுகத்தின் (மணி தொங்கும் குறுக்குச் சட்டம்) போல்ட்டுகள், பேரிங், செயின், சுத்தியலின் சுழல்முனை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர் என்றால் துருப்பிடித்த நட்டுகளை 316 தர ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றுங்கள், சாதாரண 304 உப்புக்காற்றில் நாளடைவில் கறைபிடிக்கும். மணியின் எடையைத் தாங்கும் போல்ட்டுகளை மட்டும் அப்படி விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. அவற்றுக்கு அதே வலிமையுள்ள தரமா என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

இந்தப் பகுதியில் பழுது இருந்தால் முதலில் அதற்குச் செலவு செய்யுங்கள். பேரிங் இறுகிய மணிக்குப் புதுக் கண்ட்ரோலர் போடுவதில் அர்த்தமே இல்லை.

பழைய பெட்டியைப் படிப்பது

எதையும் பிடுங்காதீர்கள். ஒவ்வொரு ஒயருக்கும் எண் ஒட்டி, ஒரு நோட்டில் எங்கிருந்து எங்கே என்று எழுதுங்கள். பழைய பெட்டிகளில் பொதுவாக இவை இருக்கும்: சின்க்ரோனஸ் மோட்டாரால் சுற்றும் ஊசி வட்டு டைமர், எத்தனை அடி என்று எண்ணும் பல்சக்கரத் தட்டு, சில ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்சுகள்), மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்ட இரண்டு காண்டாக்டர்கள் (பெரிய ரிலேக்கள்), மோட்டார் அதிக மின்சாரம் எடுத்தால் துண்டிக்கும் ஓவர்லோட் ரிலே. சின்க்ரோனஸ் டைமர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை நம்பியே ஓடுவதால், கரண்ட் போகும் நேரமெல்லாம் அதற்கு நேரமே கிடையாது. உங்கள் மணி பின்தங்கிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

மணியின் அச்சில் கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளிபோல் உருளும் திரவம் தெரிந்தால் அது பாதரச ஸ்விட்ச். மணி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது அது. உடைத்துவிடாதீர்கள். கழற்றினால் மூடியுள்ள டப்பாவில் பத்திரப்படுத்தி அபாயக் கழிவாக ஒப்படையுங்கள், குப்பையில் போட வேண்டாம்.

என் யோசனை: காண்டாக்டர்கள் நன்றாக இருந்தால் முதல் கட்டத்தில் அவற்றை விட்டுவிடுங்கள், டைமரையும் எண்ணும் தட்டையும் மட்டும் மாற்றுங்கள். மணியைத் திசை மாற்றித் தள்ளும் பழைய ஸ்விட்ச் ஒழுங்காக வேலை செய்தால் அதுவும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், வராத மணிக்குக் காரணம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தேடியே ஒரு வாரம் போய்விடும்.

எந்தக் கண்ட்ரோலர்

மூன்று வழி இருக்கிறது. ஐரோப்பாவில் கோயில் மணிக்கென்றே செய்யும் ரெடிமேட் கண்ட்ரோலர்கள் உண்டு. விலை அதிகம், ஆனால் திருவழிபாட்டு நாட்காட்டியே உள்ளே இருக்கும். அதை வாங்கினால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஜெர்மனியின் மைன்ஃப்ளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் டிசிஎஃப்77 நேர அலைக்கான ஆன்டெனாவை அதோடு சேர்த்துக் கொடுப்பார்கள், அந்த அலை நம் ஊரில் எட்டாது, ஆகவே ஜிபிஎஸ் ஆன்டெனா கேளுங்கள். கோடைகால நேர மாற்றத்தை அணைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் மார்ச் கடைசி ஞாயிறு முதல் உங்கள் மணி ஒரு மணி நேரம் முன்னாலேயே அடிக்கும்.

இரண்டாவது, சீமென்ஸ் லோகோ போன்ற சிறிய பிஎல்சி (நிரல் எழுதி ஓட்டும் தொழிற்சாலைக் கண்ட்ரோலர்). 8 உள்ளீடு, 4 ரிலே வெளியீடு, வார டைமர், வருட டைமர் எல்லாம் உள்ளேயே. தொழிற்சாலைகளில் ஓடுவதால் மாவட்டத் தலைநகரில் தேடினால் அதைத் திறந்து படிக்கத் தெரிந்த ஒருவர் கிடைப்பார். மூன்றாவது அர்டுயினோ அல்லது இஎஸ்பி32 போன்ற சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. செலவு மிகக் குறைவு, என்ன வேண்டுமானாலும் செய்யலாம். சிக்கல் என்னவென்றால் நிரல் எழுதிய பையன் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போனபின் அது மறுபடியும் யாருக்கும் தெரியாத பெட்டியாகிவிடும்.

என்னைக் கேட்டால் லோகோ வகைதான். கோயில் மணி இன்னும் இருபது வருடம் அடிக்க வேண்டும், அதற்குள் பல கைகள் மாறும். இஎஸ்பி32-தான் போடுவேன் என்றால் போடுங்கள், ஆனால் கீழே சொல்லும் பாதுகாப்புகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

முக்கியமாக ஒன்று. இஎஸ்பி32-இன் சில பின்கள் பவர் வந்தவுடன் ஒரு கணம் தாமாக உயரும் அல்லது தாழும். கடையில் கிடைக்கும் நீல ரிலே போர்டுகள் பலவும் தாழ்ந்த சிக்னலுக்கு இயங்குபவை. இரண்டும் சேர்ந்தால், கரண்ட் வரும் ஒவ்வொரு தடவையும் மணி ஒரு அடி அடிக்கும். பூட் நேரத்தில் அசையும் பின்களைத் தவிர்த்து, வெளியீட்டுக்கு நிலை நிறுத்தும் ரெசிஸ்டர் போட்டு, எல்லா ரிலேக்களுக்கும் முன்னால் ஒரு பொது ரிலேயை வையுங்கள். பவர் வந்து ஒரு நிமிடம் கழித்து, நேரம் சரியாக இருக்கிறது என்று கண்ட்ரோலர் உறுதி செய்த பின்பே அந்தப் பொது ரிலே இழுக்க வேண்டும். நிரல் தொங்கிப்போனால் தானே மறுபடி தொடங்க வைக்கும் வாட்ச்டாக்கையும் இயக்கி விடுங்கள்.

நேரம் எங்கிருந்து வருகிறது

டிஎஸ்1307 என்ற பழைய கடிகாரச் சிப்பைத் தவிருங்கள். அதன் கிறிஸ்டல் வெயிலில் ஓடும் வேகம் மாறி, மாதத்துக்கு ஒரு நிமிடம் வரை தவறலாம். டிஎஸ்3231-இல் வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்தும் அமைப்பு உள்ளேயே உண்டு, 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்கு பிழைதான், வருடத்துக்குச் சுமார் ஒரு நிமிடம். மதிய வெயிலில் தகிக்கும் மணிக்கூண்டில் வைக்காமல் கீழே சக்ரீஸ்தில் (குருவானவர் பூசைக்கு உடை மாற்றும் அறை) வைத்தால் அந்த அளவுக்குள் இருக்கும்.

கடையில் கிடைக்கும் டிஎஸ்3231 மாட்யூலில் ஒரு பொறி இருக்கிறது. சார்ஜ் ஆகும் பேட்டரிக்காக அதில் ஒரு சார்ஜிங் சர்க்யூட் வைத்திருப்பார்கள், நாம் போடுவதோ சார்ஜ் ஆகாத சிஆர்2032. 5 வோல்ட்டில் ஓட்டினால் அந்தப் பேட்டரி உப்பி ஒழுகும். டையோடுக்குப் பக்கத்தில் உள்ள 200 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

கோயிலில் நிலையான இணையம் இருந்தால் தினம் ஒருமுறை என்டிபி (இணையம் வழியாக நேரம் பெறும் முறை) மூலம் திருத்திக்கொள்ளலாம், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் (சிஎஸ்ஐஆர்-என்பிஎல்) நேர சர்வரும் இருக்கிறது. இல்லையென்றால் ஜிபிஎஸ் மாட்யூல். அது தருவது உலகப் பொது நேரம், ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். எது போட்டாலும் ஒரு காப்பு வையுங்கள்: வெளியிலிருந்து வரும் நேரம் உள்ளே உள்ள கடிகாரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் ஏற்காதே, எச்சரிக்கை விளக்கை எரியவிடு, ஆள் வந்து பார்க்கட்டும்.

தவறிய மணியைப் பிறகு அடிக்கக் கூடாது. 6:00-க்குக் கரண்ட் இல்லை, 6:20-க்கு வந்தது என்றால் கண்ட்ரோலர் சும்மா இருக்க வேண்டும். குறித்த நிமிடத்துக்குள் தொடங்கினால்தான் மணி, இல்லையேல் அடுத்ததுதான். கண்ட்ரோலருக்கு மட்டும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி கொடுத்தால் போதும், மோட்டாரை இன்வெர்ட்டரில் போட வேண்டியதில்லை.

சுத்தியல் கோடு

சுத்தியலின் காயில் பெரும்பாலும் டிசி. 230 வோல்ட் ஏசியைப் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாக விட்டால் சராசரி 207 வோல்ட் டிசி கிடைக்கும், பழைய காயில்கள் பல அதற்கென்றே சுற்றியவை. காயிலின் பெயர்ப்பட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அடிக்கும் துடிப்பு 100 முதல் 300 மில்லிசெகண்ட். எவ்வளவு என்று குறைவிலிருந்து கூட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள், மணி தெளிவாக ஒலிக்கும் முதல் இடத்தில் நிறுத்துங்கள். சத்தம் போதவில்லை என்று மேலும் கூட்டச் சொல்வார்கள், கூட்டாதீர்கள்.

காரணம் லண்டனில் இருக்கிறது. பிக் பென் மணி 1859 ஜூலையில் அடிக்கத் தொடங்கியது, செப்டம்பரிலேயே விரிசல் விட்டது. சுத்தியல் மிகக் கனம். பிறகு மணியைச் சற்றுத் திருப்பி வேறு இடத்தில் அடிபடும்படி வைத்து, இலேசான சுத்தியல் போட்டார்கள், இன்றும் அந்த விரிசலோடுதான் ஒலிக்கிறது. நமக்கு அப்படி அதிர்ஷ்டம் அமையும் என்று சொல்ல முடியாது.

சுத்தியல் ஓய்வில் இருக்கும்போது மணியைத் தொடவே கூடாது. காயில் இழுத்த வேகத்தில் கடைசிச் சில மில்லிமீட்டரைத் தானே பறந்து கடந்து, அடித்து, உடனே ஸ்பிரிங்கால் திரும்ப வேண்டும். தொட்டுக்கொண்டே நின்றால் ஒலி செத்துவிடும், அதிரும் வெண்கலத்தின் மேல் இரும்பு தத்தித் தத்தி மணிக்கும் கேடு. அடி படவேண்டிய இடம் விளிம்புக்குச் சற்று மேலே மணி மிகத் தடித்திருக்கும் வளையம், விளிம்பின் நுனியில் அல்ல.

கண்ட்ரோலர் தொங்கிப்போய் ரிலே மூடியபடியே நின்றால் காயில் சில நிமிடங்களில் கருகும். அதனால் நிரலை நம்பாமல், காயிலுக்கு முன்னால் தனியாக ஒரு டைமர் ரிலே போடுங்கள். சிக்னல் எவ்வளவு நேரம் வந்தாலும் அரை செகண்டில் அது துண்டித்துவிட வேண்டும். காயில் முனைகளில் சரியான திசையில் டையோடு அல்லது வேரிஸ்டர் இல்லாவிட்டால் ரிலேயின் முனைகள் விரைவில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

ஆடும் மணி

மோட்டார் மணியைத் தூக்கி ஆட்டுவதில்லை. ஊஞ்சலைத் தள்ளுவதுபோல், அது போகிற திசையில் போகிற நேரத்தில் சிறிய உந்தல் கொடுக்கிறது, மீதியை மணியின் எடையே பார்த்துக்கொள்ளும். அதனால் தவறான நேரத்தில் தள்ளும் கண்ட்ரோலர் மோட்டாரையும் செயினையும் உடைக்கும். மணி தானாக ஆடும் வேகத்தை முதலில் ஸ்டாப்வாட்ச்சில் அளந்துகொள்ளுங்கள். பெரிய மணி மெதுவாகவும் சிறியது வேகமாகவும் ஆடும், ஆட்டம் அகலமானால் கொஞ்சம் மெதுவாகும்.

பழைய திசை ஸ்விட்ச்சுக்குப் பதிலாக இரும்பு அருகில் வந்தால் உணரும் இண்டக்டிவ் பிராக்ஸிமிட்டி சென்சார் இரண்டு போதும். நுகத்தில் ஒரு இரும்புத் துண்டு, மணி நடுவைக் கடக்கும்போது ஒன்று பார்க்கும், எந்தப் பக்கம் போகிறது என்பதை மற்றது சொல்லும். நடுவைக் கடந்ததும் உந்தல், பிறகு விடுதல், எதிர்ப்பக்கம் அதேபோல். இரும்புத் துண்டு நடு சென்சாரைக் கடக்க எடுக்கும் நேரம் குறையக் குறைய மணி அகலமாக ஆடுகிறது என்று அர்த்தம், நாக்கு இருபக்கமும் ஒரே சீராக அடிக்கும் அளவு வந்ததும் உந்தலைக் குறைத்துவிடுங்கள். பத்து செகண்டுக்குள் சென்சாரிலிருந்து எதுவும் வரவில்லையென்றால் மோட்டாரை நிறுத்தி விளக்கை எரியவிட வேண்டும். செயின் அறுந்திருக்கலாம், வேறு எதுவும் சிக்கியிருக்கலாம்.

"இன்னும் கொஞ்சம் உயர ஆடினால் பக்கத்து ஊருக்கும் கேட்கும்" என்று யாராவது சொல்வார்கள். ஆடும் மணி பக்கவாட்டில் கொடுக்கும் உந்தல் அதன் எடையில் பாதியைத் தாண்டக்கூடும், அது கோபுரத்தை ஒவ்வொரு ஆட்டத்திலும் தள்ளி இழுக்கிறது. மணியின் தாளமும் கோபுரத்தின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனால் சுண்ணாம்புச் சாந்து கட்டிய பழைய கோபுரம் விரிசல் விடும். ஜெர்மனியில் மணிக்கோபுரத்துக்கென்றே டின் 4178 என்ற தனித் தரநிலை வைத்திருக்கிறார்கள். மேல்தளத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து மணியை ஆடவிட்டுப் பாருங்கள், தண்ணீர் தளும்பிக் கொட்டினால் கட்டட இன்ஜினியரைக் கூப்பிடும் வரை அந்த மணியை ஆட்டாமல் சுத்தியலால் மட்டும் அடியுங்கள்.

காண்டாக்டரிலேயே ஓட்டினால் முன்-பின் இரண்டும் ஒரே நேரத்தில் இழுக்காதபடி நடுவே மெக்கானிக்கல் இண்டர்லாக்கும் மின் இண்டர்லாக்கும் இரண்டுமே வேண்டும். மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேசிங் தடுப்பு ரிலே கட்டாயம், நம் கிராமத்து லைனில் ஒரு பேஸ் போவது சாதாரணம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி போட்டால் உந்தல் மென்மையாக இருக்கும், செயின் நீடித்து உழைக்கும், சிங்கிள் பேஸ் இணைப்பிலேயே ஓட்டலாம். ஆனால் 230 வோல்ட் விஎஃப்டி 415 வோல்ட் தராது, மோட்டாரின் பெயர்ப்பட்டையில் 230 டெல்டா, 415 ஸ்டார் என்று இருந்தால் ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றிக் கட்ட வேண்டும். விஎஃப்டியின் கசிவு மின்சாரத்தால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு பிரேக்கர்) அடிக்கடி விழலாம், அதற்காக ஆர்சிசிபியைக் கழற்றி வீசாமல் விஎஃப்டி தயாரிப்பாளர் சொல்லும் வகை ஆர்சிசிபியைத் தனியாகப் போடுங்கள்.

சுத்தியலும் ஆட்டமும் ஒரே மணிக்கு இருந்தால் அவை ஒருபோதும் சேரக் கூடாது. ஆடும் மணிமேல் சுத்தியல் விழுந்தால் ஏதாவது ஒன்று உடையும். மோட்டார் நின்றபின் சென்சார் முழுதாக அமைதியாகி, அதற்கு மேலும் ஒரு நிமிடம் போன பிறகே சுத்தியலுக்கு அனுமதி. இதை நிரலில் மட்டும் வைக்காமல் காண்டாக்டரின் துணை முனை வழியாகவும் வையுங்கள்.

இடி, எர்த், ஒயர்

ஊரிலேயே உயரமான இடம் கோபுரம். இடிதாங்கி, அதன் எர்த், மின் எர்த் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மெயினில் ஒரு சர்ஜ் பாதுகாப்பு, கோபுரத்துக்குப் போகும் லைனில் இன்னொன்று. கண்ட்ரோலர் கீழே, மேலே போவது மோட்டார் ஒயர், காயில் ஒயர், சென்சார் ஒயர் மட்டும். சென்சார் ஒயரைப் பவர் ஒயரோடு ஒரே பைப்பில் விடாதீர்கள், கண்ட்ரோலருக்குள் நுழையும் இடத்தில் சிக்னலை ஒளியாக மட்டும் கடத்தும் ஆப்டோகப்ளர் போடுங்கள். அணில் கடிக்கும், ஆகவே இரும்புக் குழாய்.

கால அட்டவணை

நிரலில் மூன்று அடுக்கு போதும். தினசரி, வாரத்தில் மாறுவது, வருடத்தில் மாறுவது. மேலடுக்கு கீழடுக்கை மறைக்கும். டிசம்பர் 24 இரவு, ஊர்த் திருவிழா, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இவையெல்லாம் நிலையான தேதி, சுலபம்.

புனித வாரம்தான் தலைவலி. பெரிய வியாழன் பூசையில் "உன்னதங்களிலே" பாடும்போது மணிகள் அடிக்கும், அதன்பின் பாஸ்கா இரவில் அதே பாடல் வரும்வரை மணியே இல்லை. உயிர்ப்பு ஞாயிறு வருடா வருடம் மாறும். கணக்கிடும் சூத்திரத்தை நிரலில் எழுதலாம், ஆனால் வெறும் தேதிப் பட்டியல் வைப்பதே மேல், யாரும் படித்துச் சரிபார்க்கலாம்: 2027 மார்ச் 28, 2028 ஏப்ரல் 16, 2029 ஏப்ரல் 1, 2030 ஏப்ரல் 21, 2031 ஏப்ரல் 13, 2032 மார்ச் 28. அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழன் மாலையிலிருந்து தானியங்கி தூங்கட்டும். பாடல் எந்த நிமிடம் தொடங்கும் என்று எந்தக் கணினிக்கும் தெரியாது, ஆகவே அந்த இரண்டு மணிகளையும் கோயில்பிள்ளை பட்டனை அழுத்தி அடிக்கட்டும்.

பட்டன் என்றவுடன் மொபைல் ஆப் பற்றிக் கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். வைஃபையில் மணி அடிக்க முடியும் என்று இளைஞர் இயக்கத்துக்குத் தெரிந்தால் ஒரு வாரம் தாங்காது. சக்ரீஸ்தில் பெரிய, நிஜமான பட்டன்கள் வையுங்கள்: பூசை மணி, மூவேளை, சாவு மணி, எல்லா மணியும், நிறுத்து. கூடவே சாவியால் திருப்பும் ஒரு ஸ்விட்ச்: தானியங்கி, கைமுறை, மௌனம். கைமுறையில் பட்டன்கள் கண்ட்ரோலர் வழியாகப் போகாமல் நேரே ரிலேக்குப் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் சாவு விழுந்து ஆள் வந்து நிற்கும்போது கண்ட்ரோலர் செத்துக் கிடந்தாலும் மணி அடிக்க வேண்டும்.

கரண்டே இல்லாத நாளுக்குக் கயிறு. பழைய கயிற்றை ஒரு மணியிலாவது விட்டு வையுங்கள், ஆனால் ஆடும் மணியில் வேண்டாம். ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது மோட்டார் தொடங்கினால் ஆளை மேலே இழுத்துவிடும். நிற்கும் சிறிய மணியின் நாக்கிலோ சுத்தியல் கையிலோ கட்டினால் போதும்.

சோதனை

முதலில் காயில்களையும் மோட்டாரையும் இணைக்கவே வேண்டாம். அவற்றின் இடத்தில் சாதாரண 230 வோல்ட் பல்புகளைப் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள், பழைய பெட்டியோ கோயில்பிள்ளையோ வழக்கம்போல் அடிக்கட்டும். பல்பு எந்த நேரத்தில் எத்தனை தடவை எரிகிறது என்று குறித்துக்கொண்டாலே பாதிப் பிழைகள் வெளியே வரும். கடிகாரத்தை டிசம்பர் 31 இரவு 11:58-க்கும், 2028 பிப்ரவரி 28-க்கும், பெரிய வியாழன் மதியத்துக்கும் தள்ளி வைத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினைப் பல தடவை அணைத்துப் போடுங்கள், வேகமாகவும் போடுங்கள், ஒரு பல்பும் மினுக்கக் கூடாது. சென்சார் ஒயரைப் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் விடை அமைதியாக இருக்க வேண்டும்.

அப்புறம் நாக்கை மெத்தைத் துணியால் சுற்றிக் கட்டி ஆடும் மணியை ஓட்டுங்கள், மோட்டார் எடுக்கும் ஆம்பியரைக் கிளாம்ப் மீட்டரில் பார்த்து ஓவர்லோடை அமையுங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் போன். கடைசியாகத்தான் துணியை அவிழ்ப்பது, அதுவும் முந்தைய ஞாயிறு பூசையில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு. இல்லையென்றால் பகலில் நேரமில்லா நேரத்தில் கேட்கும் மணியைச் சாவு மணி என்று நினைத்து ஆட்கள் ஓடி வருவார்கள்.

ஒப்படைப்பு

சர்க்யூட் படத்தை லேமினேட் செய்து பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், ஒவ்வொரு ஒயரிலும் ஃபெரூல் எண் இருக்கட்டும். நிரலைப் பென்டிரைவிலும் அச்சிட்ட தாளிலும் கொடுங்கள், இரண்டும் பங்கு அலுவலகப் பீரோவில். முடிந்தால் நிரல் ஏற்றிய இன்னொரு கண்ட்ரோலரும் அங்கேயே. பழைய டைமரைத் தூக்கிப் போடாதீர்கள், வேலை செய்தால் பேனலுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்கட்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, தவக்காலம் தொடங்குமுன், மேலே ஏற ஒரு நாள் வையுங்கள். போல்ட் இறுக்கம், பேரிங் கிரீஸ், நாக்கின் கொக்கி, சுத்தியல் இடைவெளி, சென்சார் இடைவெளி, அப்படியே அந்த வருட உயிர்ப்பு ஞாயிறு தேதி. சிஆர்2032 பேட்டரியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றி, மாற்றிய தேதியை மார்க்கரால் கதவில் எழுதுங்கள்.